பேச்சையும் எடைபோட்டுப் பழகுவோம்



'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வந்த பழமொழி. மளிகைக் கடைக்காரருக்கு வாய் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒருவருக்குத் துவரம்பருப்பு விலை சொல்லிக்கொண்டே, இன்னொருவருக்குப் பழைய பாக்கியை நினைவூட்டி, மூன்றாமவரின் குழந்தையை நலம் விசாரிப்பவர்கள் நாம். காலையில் கடை திறந்தது முதல் இரவு பூட்டும் வரை பேச்சுதான் நமக்குப் பாதித் தொழில். ஆனால் அதே நம்மை ஓர் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிறுத்தி, "உங்கள் குறையை இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்" என்று கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இல்லாவிட்டால் இருபது நிமிடம் பேசியும் விஷயம் வெளியே வருவதில்லை.

இதைப் பற்றிச் சிறிது சிந்திக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வட்டாரக் கடைகளுக்கு நீண்ட காலமாக மொத்தச் சரக்குப் போட்டு வருபவன் நான். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. எனவே இலக்கணம் சொல்லித்தர வரவில்லை. வியாபாரிக்கு லாபம் தரக்கூடிய ஒரு பழக்கத்தைப் பார்த்தேன். அதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

பேசத் தெரியாததால் வரும் நஷ்டம்

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுவதை அறிவீர்கள். 2019 நவம்பர் 29-ஆம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமானதிலிருந்து நமக்குக் காஞ்சிபுரம் போகும் அலைச்சலும் இல்லை. ஆனால் அங்கே நமக்குப் பின்னால் நீண்ட வரிசை நிற்கும். ஒருவருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். அதற்குள் நாம் யார், என்ன குறை, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் வந்தாக வேண்டும்.

இன்னொன்று ஜி.எஸ்.டி. விசாரணை. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, வணிகருக்கு எதிராக ஆணை பிறப்பிக்க எண்ணினால் அவரை நேரில் அழைத்துக் கேட்க வேண்டும் என்கிறது. நாமே எழுத்தில் கேட்டாலும் அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். காரணம் காட்டினால் விசாரணையைத் தள்ளிவைக்கலாம். அதுவும் மூன்று முறைக்கு மேல் கூடாது. நேரில் பேசும் உரிமையைச் சட்டமே நம் கையில் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்?

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். நேர்மையான ஒரு கடைக்காரர். கணக்கில் வந்த வித்தியாசத்துக்குச் சரியான காரணம் அவரிடம் இருந்தது. திருப்பி அனுப்பிய சரக்குக்குக் கம்பெனி கொடுத்த வரவுச் சீட்டு அவருடைய பைக்குள்ளேயே கிடந்தது. விசாரணையில் அவர் தம் தகப்பனார் கடை வைத்த கதையிலிருந்து தொடங்கினார். கொரோனா காலத்து நஷ்டத்தைச் சொன்னார். ஆன்லைன் கம்பெனிகளைத் திட்டினார். அதிகாரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் முடிந்தது. அந்தச் சீட்டு பைக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. ஆணை எதிராக வந்தது. மேல்முறையீட்டுக்குப் போக வேண்டுமானால் தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். பேச்சு சரியில்லாததற்கு ரூபாய்க் கணக்கில் விலை கொடுப்பது என்பது இதுதான்.

இதற்கெல்லாம் சங்கத் தலைவர்கள் இருக்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறார்கள். நம் மாவட்டத்து மதுராந்தகத்தில் 2025 மே 5 அன்று நடந்த வணிகர் தின மாநாட்டில் நம் அனைவருக்காகவும் தலைவர்கள் பேசினார்கள். முதலமைச்சரும் வந்து கேட்டார். ஆனால் உங்கள் கடைக்கு வந்த நோட்டீசுக்கு, உங்கள் கடைவாசலில் தோண்டிய பள்ளத்துக்கு, நீங்கள்தான் போய்ப் பேச வேண்டும்.

ரொட்டிக்குச் சம்பந்தமில்லாத ஒரு மன்றம்

என் தங்கை மகன் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். "மாமா, ஒரு நாள் எங்கள் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டத்துக்கு வாருங்கள்" என்று வெகு நாட்களாக அழைத்துக்கொண்டிருந்தான். ரொட்டி சுடுகிற சங்கம் போலிருக்கிறது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். மேல்நாட்டு விருந்துகளில் பேச்சாளர்களை ஒவ்வொருவராக அழைத்து நிகழ்ச்சி நடத்துபவருக்கு அந்தப் பெயராம். சுட்ட ரொட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதைத் தொடங்கியவர் ரால்ஃப் ஸ்மெட்லி என்ற அமெரிக்கர். ஒய்.எம்.சி.ஏ.வில் பணிபுரிந்தவர். அங்கு வரும் இளைஞர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று பேசத் திணறுவதைக் கண்டு, 1905-இல் இல்லினாய் மாநிலத்தில் முதல் மன்றத்தை ஏற்படுத்தினார். பிறகு வேலை மாற்றலாகிப் போன ஊர்களிலும் தொடங்கினார். அவர் ஊரைவிட்டுப் போனதும் அந்த மன்றங்கள் படுத்துவிட்டன. 1924 அக்டோபர் 22-இல் கலிபோர்னியாவின் சான்டா ஆனா நகரில் தொடங்கியதுதான் வேர்பிடித்தது. இன்று 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் மன்றங்கள் உள்ளன. சிங்கப்பூரில் தமிழிலேயே நடக்கும் மன்றங்களும் உண்டு. ஒருவரை மட்டும் நம்பி நிற்கும் சங்கம் அவரோடு போய்விடும் என்பதை அந்த முதல் மன்றங்களிலிருந்து நாமும் தெரிந்துகொள்ளலாம்.

அன்று மாலை நடந்தது

சென்னையின் தென்பகுதியில் ஒரு வகுப்பறை. இருபத்தைந்து பேர் இருக்கலாம். ஏழு மணி என்று போட்டிருந்தார்கள். ஏழு மணிக்கே தொடங்கிவிட்டார்கள். பொன்னாடை இல்லை. 'மேடையில் வீற்றிருக்கும்' என்று தொடங்கும் நீண்ட விளிப்பு இல்லை. தமிழிலும் பேசலாம், ஆங்கிலத்திலும் பேசலாம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஒருவர் நிகழ்ச்சியை நடத்துகிறார். ஒருவர் நேரம் பார்க்கிறார். ஒருவர் மொழியைக் கவனிக்கிறார். இன்னொருவருக்கு விந்தையான வேலை: பேச்சாளர் தேவையில்லாமல் இழுக்கும் 'ம்...', 'வந்து...', 'அதாவது...', 'இப்ப பாத்தீங்கன்னா...' ஆகியவற்றை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் வேலைகள் கைமாறும். இன்று நேரம் பார்த்தவர் நாளை பேசுவார்.

தயாரித்து வந்து பேசுபவருக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடம் பச்சை விளக்கு, ஆறாவது நிமிடம் மஞ்சள், ஏழாவது நிமிடம் சிவப்பு. போக்குவரத்து சிக்னல் போலத்தான். சிவப்பு எரிந்தபின் யாரும் 'கடைசியாக ஒன்று சொல்லி' என்று நீட்டவில்லை.

அடுத்தது உடனடிப் பேச்சு. முன்கூட்டித் தெரியாத ஒரு தலைப்பைக் கொடுத்து உடனே பேசச் சொல்கிறார்கள். ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். இதைப் பார்த்தபோது எனக்குத் திங்கட்கிழமை மனுக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே நமக்குக் கிடைக்கும் நேரமும் இதுவே.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது அடுத்த பகுதி. பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பீட்டாளரை முன்பே நியமித்திருக்கிறார்கள். அவர் எழுந்து, பேச்சு எப்படி இருந்தது என்று எல்லோர் முன்னிலையிலும் இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும்.

அன்று பேசியவர்களில் ஒருவர், வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் நாற்பது வயதைக் கடந்த ஓர் அம்மாள். நம் இனம். விலை ஏன் கூடுதல் என்று வாடிக்கையாளருக்கு எப்படி விளக்குகிறார் என்பது அவருடைய பேச்சு. மிளகாய் விலை, அரைவைக் கூலி, பாக்கெட் செலவு என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில், "பத்துக் கிலோ மிளகாய் வாங்கிக் காம்பு கிள்ளிக் காயவைத்து அரைத்தால் பத்துக் கிலோ பொடி வராது. காம்போடு அரைத்தால் வரும். நான் காம்பு கிள்ளுகிறேன்" என்றார்.

மதிப்பிட வந்தவர் இருபத்தைந்து வயது இளைஞர். அவர் சொன்னது இது: "அக்கா, காம்பு கிள்ளுகிறேன் என்று நீங்கள் சொன்னதும் இங்கே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். நான் வீட்டுக்கு எடுத்துப் போவது அந்த ஒரு வரியைத்தான். அதை ஆறாவது நிமிடத்தில் வைத்தீர்கள். அதற்கு முன் சொன்ன ஏழு விலைகளில் எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. அடுத்த முறை காம்பிலிருந்து தொடங்குங்கள். விலையில் ஒன்றிரண்டு போதும். உங்கள் குரல் கடைசி வரிசைவரை கேட்டது. அதை மாற்ற வேண்டாம்."

அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. தாளில் குறித்துக்கொண்டார். அதோடு முடியவில்லை. பொது மதிப்பீட்டாளர் என்ற ஒருவர் கடைசியாக எழுந்து, மதிப்பிட்டவர்களையே மதிப்பிட்டார். "தம்பி, நீங்கள் சொன்னது சரி. ஆனால் தாளைப் பார்த்தே சொன்னீர்கள். அக்காவைப் பார்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்" என்றார். எடை போட்டவரின் தராசுக்கும் முத்திரை சோதனை!

'அருமை' என்று சொன்னால் போதுமா?

மேடைப் பேச்சு நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரம், மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் வருகிறது. திருக்குறளில் சொல்வன்மை 65-ஆம் அதிகாரம், அவையறிதல் 72, அவையஞ்சாமை 73. மூன்றும் பொருட்பாலில் இருப்பதை வணிகர்கள் கவனிக்க வேண்டும். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 25 ரூபாய்ப் பங்குகளாக மூலதனம் திரட்டியபோது, வணிகர்களிடமும் பொதுமக்களிடமும் எடுத்துச் சொல்லித்தான் பங்கு சேர்க்க வேண்டியிருந்தது.

நம்மிடம் மேடை இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. பேச்சை எடைபோட்டுச் சொல்லும் வழக்கம்தான் இல்லை. நம் கூட்டங்களில் ஒருவர் பேசி முடித்தால் கை தட்டுகிறோம். "அருமையாகப் பேசினீர்கள் அண்ணாச்சி" என்கிறோம். தேநீர்க் கடைக்கு வந்ததும், "மனுஷன் முக்கால் மணி நேரம் அறுத்துட்டார்" என்கிறோம். கூட்டத்தில் சொன்னது அவருக்குப் பயன்படவில்லை. கடையில் சொன்னது அவர் காதுக்குப் போகவில்லை. அவர் அடுத்த கூட்டத்திலும் முக்கால் மணி நேரம் பேசுவார்.

சரக்கில் நாம் இப்படியா நடந்துகொள்கிறோம்? அரிசி மூட்டை வந்தால் குத்தூசியால் குத்தி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறோம். ஈரம் இருக்கிறதா, நொய் எவ்வளவு, கல் உண்டா, பழுப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். 'அரிசி அருமை' என்று மட்டும் சொல்லிப் பணம் கொடுக்கும் வியாபாரி எத்தனை நாள் கடை நடத்துவார்? பேச்சிலும் அதே குத்தூசி வேண்டும்.

வயதில் மூத்தவரிடம் இளையவர் எப்படிக் குறை சொல்வது என்ற தயக்கம் நம்மிடையே நியாயமானதுதான். அந்த மன்றத்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். மதிப்பிடுவது கொடுக்கப்பட்ட கடமை. தானாக எழுந்து குறை சொல்வதில்லை. கடமையாகிவிட்டால் மரியாதைக் குறைவு என்ற பேச்சு எழாது. சம்பந்தி வீட்டுச் சரக்கானாலும் தராசில் வைத்துத்தானே எடைபோடுகிறோம்? அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அங்கு நான் கண்ட மதிப்பீட்டு முறையை நான்கு விதிகளாகச் சுருக்கிக் கொடுக்கிறேன்.

1. பேச்சைப் பற்றிப் பேச வேண்டும். ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. "உங்களுக்குப் பயம்" என்று சொல்லாமல், "முதல் இரண்டு வரி கேட்கவில்லை" என்று சொல்ல வேண்டும்.

2. எந்த இடம் நன்றாக இருந்தது என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். பொத்தாம்பொதுவான புகழ்ச்சி கள்ள நோட்டு, வாங்கியவருக்குப் பயன்படாது.

3. திருத்த வேண்டியது ஒன்று அல்லது இரண்டு மட்டும். பத்துக் குறை சொன்னால் ஒன்றும் திருந்தாது.

4. எப்படித் திருத்துவது என்று வழி சொல்ல வேண்டும். வழி தெரியாத குறையைச் சொல்லாமல் விடுவதே நல்லது.

நம் சங்கத்தில் செய்து பார்க்கலாம்

இதற்காக யாரும் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் குறைந்திருக்கும் மதியம் மூன்று மணிக்கு, ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பத்துப் பதினைந்து பேர் வந்தால் தாராளம். விளக்குக்குப் பதிலாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை. நேரம் பார்க்கக் கைபேசி.

தொடக்கம் 5 நிமிடம். தயாரித்த பேச்சு இரண்டு, தலைக்கு 7 நிமிடம். சீட்டுக் குலுக்கிப் பேச்சு ஐந்து பேர், தலைக்கு 2 நிமிடம். மதிப்பீடு இரண்டு, தலைக்கு 3 நிமிடம். நேரக் கணக்கும் 'வந்து' கணக்கும் படிக்க 5 நிமிடம். பொது மதிப்பீடு 5 நிமிடம். கூட்டினால் 45. ஆட்கள் எழுந்து வந்து போக மீதி 15.

சீட்டில் எழுத நம் தொழிலிலேயே தலைப்புகள் கொட்டிக் கிடக்கின்றன.

* "நேற்று வாங்கிய ரவையில் வண்டு இருக்கிறது" என்று வாடிக்கையாளர் பத்துப் பேர் முன்னிலையில் சொல்கிறார்.
* ஆறு மாதப் பாக்கி வைத்திருக்கும் நெடுநாள் வாடிக்கையாளரிடம் உறவு கெடாமல் கேட்க வேண்டும்.
* வங்கி மேலாளர், "கடனை ஏன் உயர்த்த வேண்டும்?" என்று கேட்கிறார்.
* உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்குள் வந்து, காலாவதித் தேதி இல்லாத ஒரு பொட்டலத்தைக் கையில் எடுக்கிறார்.
* "சோப்புக்கு வரி குறைந்துவிட்டதே, விலை ஏன் குறையவில்லை?"

இந்தக் கடைசிக் கேள்வி 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு நம் ஒவ்வொருவர் கடையிலும் கேட்டதுதான். சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு 18 சதவீதமாக இருந்த வரி அன்று முதல் 5 ஆனது. பழைய விலை அச்சிட்ட சரக்கு கையிருப்பில் இருந்தது. "கம்பெனியைக் கேளுங்க" என்று சொன்னவர் வாடிக்கையாளரை இழந்தார். "உண்மைதாம்மா, வரி குறைஞ்சிருக்கு. உறையில அச்சானது பழைய விலை. பில்லைப் பாருங்க, குறைச்சுத்தான் போட்டிருக்கேன்" என்று சொன்னவர் நம்பிக்கையைச் சம்பாதித்தார். முதலில் வாடிக்கையாளர் சொன்னதில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டார், பிறகு காரணம், பிறகு கையில் காட்டும் சான்று. சில விநாடிப் பேச்சுதான். கோபம் வரும் நேரத்தில் அது தானாக வாயில் வர வேண்டுமானால் முன்பே பழகியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மனுவுக்கும் ஒரு மாதிரி தருகிறேன். "ஐயா, நான் இன்ன தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டிய பள்ளம் மூன்று மாதமாகத் திறந்தே கிடக்கிறது. பதினாறு கடைகளுக்கு வண்டி வர வழியில்லை, படம் இணைத்திருக்கிறேன். பள்ளத்தின்மேல் பலகை போட்டு வழி செய்து தர உத்தரவிட வேண்டுகிறேன்." அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி நேரம் அதிகாரி கேள்வி கேட்க. கேட்டால்தான் காரியம் நகரும்.

இரண்டு எச்சரிக்கைகள். பேச்சு ரசீதுக்கு மாற்றாகாது. எழுத்துப் பதிலைத் தணிக்கையாளர் உதவியோடு உரிய தேதிக்குள் கொடுத்தே ஆக வேண்டும். பேச்சு அந்தத் தாளின் பக்கம் அதிகாரியின் கண்ணைத் திருப்புவதற்கு. இரண்டாவது, நம் வீட்டுப் பெண்களை விட்டுவிடக் கூடாது. அந்த அமெரிக்க மன்றமே பெண்களை உறுப்பினராக ஏற்றது 1973-இல்தான். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு தாமதம். நம் கடைகளில் பாதி நேரம் கல்லாவில் உட்கார்ந்து பதில் சொல்பவர்கள் அவர்கள். நாம் முதல் கூட்டத்திலேயே அழைப்போம்.

முதல் இரண்டு கூட்டங்களில் கூச்சம் இருக்கும், சிரிப்பும் இருக்கும். 'வந்து' என்ற சொல்லை ஒருவர் முப்பது முறை சொன்னார் என்று கணக்குப் படிக்கும்போது அவரே சிரிப்பார். ஆறாவது கூட்டத்தில் அந்தக் கணக்கு பத்தாகக் குறைந்திருக்கும். சங்கத்தின் மூத்தவர்கள் முதலில் எழுந்து பேசி, இளையவர் ஒருவரை மதிப்பிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டால் மற்றவர்களுக்குத் தயக்கம் போய்விடும். முதல் பேச்சுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பிட, நம் உறுப்பினர்களிலேயே வயதில் குறைந்தவரைப் போடவும்.